யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் விளையாட்டு மரபு

ஆறுமுக நாவலர் பயின்று, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற்குத் துணைநின்ற கல்விக்கூடம் என்ற அளவிலேயே யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியைத் தமிழிலக்கிய வரலாறு குறிப்பிடுகின்றது. 1816இல் மெதடிஸ்த மிஷனரிமாரால் தொடங்கப்பெற்ற இக்கல்லூரிக்கு மைதானம் சார்ந்த வரலாறும் உண்டு.

1904இல் இக்கல்லூரிக்கும் அங்கிலிக்கன் மரபுவழி வந்த பரி. யோவான் கல்லூரிக்கும் இடையே துடுப்பாட்டப் போட்டி தொடங்கியது. ஆங்கிலேயர் கொணர்ந்த இவ்வாட்டம் நாளடைவில் ‘வடக்கின் பெருஞ்சமர்’ எனப் பெயர்பெற்று யாழ்ப்பாண மக்களின் விழாவாயிற்று.

தடகளத்தில் இம்மரபின் உச்சம் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் ஆவார். இங்குப் பயின்ற அவர் 1952, 1956ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளில் பங்குபற்றினார். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கை பெற்ற முதல் தங்கம் அதுவே. அவ்விழா மே 24 முதல் சூன் 1 வரை நடைபெற்றது. அதே நாள்களில் இலங்கையில் தமிழர்க்கு எதிரான வன்முறை பரவி, மே 27இல் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. நாட்டின் பெயரால் ஒரு தமிழர் பெற்ற வெற்றியும் அந்நாட்டில் தமிழர் அடைந்த துயரும் ஒரே காலத்தன என்பது கருதத்தக்கது.

1960இல் கல்லூரி அரசின் பொறுப்பிற்கு வந்தது. கோட்டைக்கு அண்மையில் அமைந்திருந்தமையால் போரில் பெருஞ்சேதமுற்றது. பெருஞ்சமரும் சில ஆண்டுகள் தடைப்பட்டு மீண்டும் தொடர்ந்தது. ஆதலின் இக்கல்லூரியின் வரலாறு ஏட்டோடு மைதானத்தையும் இணைத்தே எழுதப்படல் வேண்டும்.