இரு நாடுகள், இரு விரைவு வண்டிகள்

நடுத்தர வண்டியில் பெரிய எஞ்சினைப் பொருத்தி, அதனை ‘மசில் கார்’ என்றனர் அமெரிக்கர். அவ்வகையில் இரண்டை ஒப்பிட விழைகிறேன்.

முதலாவது, 1964ஆம் ஆண்டு மாதிரியாக வந்த அமெரிக்காவின் பாண்டியாக் ஜி.டி.ஓ. நடுத்தர வண்டிக்கு 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட எஞ்சின் கூடாதென்பது ஜெனரல் மோட்டார்ஸின் விதி. பாண்டியாக் பிரிவினரோ 389 கன அங்குல எஞ்சினை, வேண்டுவோர் தனி விலை தந்து பெறலாமென அறிவித்து அவ்விதியைக் கடந்தனர்.

இரண்டாவது, 1971இல் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஃபோர்டு ஃபால்கன் ஜி.டி.-எச்.ஓ.வின் மூன்றாம் வடிவம். அக்காலப் பாதர்ஸ்ட் பந்தயத்தில், பொதுமக்களுக்கு விற்கப்பட்ட வண்டியே ஓட முடிந்தது. ஆகவே பந்தயத்திற்கென வடித்த நான்கு கதவு வண்டியை 300 மட்டும் செய்து விற்றனர். அவ்வாண்டே ஆலன் மொஃபட் அதனை ஓட்டி வாகை சூடினார்.

ஒன்று விதியைக் கடக்கப் பிறந்தது. மற்றொன்று விதிக்கு இணங்கப் பிறந்தது. ஆயினும் இரண்டின் வளர்ச்சியும் விரைவில் தடைப்பட்டது. உயர்ந்த காப்பீட்டுக் கட்டணமும் 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டமும் நெருக்க, ஜி.டி.ஓ.வின் உற்பத்தி 1974உடன் நின்றது. ஆஸ்திரேலியாவில் 1972இல் எழுந்த எதிர்ப்புக் குரலால் ஃபால்கனின் நான்காம் வடிவம் கைவிடப்பட்டது.

எஞ்சினின் ஆற்றலைப் பொறியாளர் வகுக்கலாம். பொதுச் சாலையில் அதற்குரிய எல்லையை வகுப்பது சமுதாயமே என்பது இவ்வரலாற்றில் நான் காணும் உண்மை.