ஹல்லரின் பிளேடும் தாமிரபரணி நெல்லும்

காப்பிக்கொட்டையின் தோலை உரிப்பதற்காக 1885-இல் பிரேசிலில் எவரிஸ்டோ கொன்ராடோ ஏங்கல்பெர்க் ஓர் இயந்திரம் செய்தார். மூன்றே ஆண்டுகளில் அமெரிக்காவின் சிராக்யூஸ் நகரில் அதைத் தயாரிக்க ஒரு கம்பெனி தொடங்கப்பட்டது. ஆனால் அந்த இயந்திரம் உலகம் சுற்றியது நெல்லை நம்பித்தான். காரும் பிசானமும் விளையும் தாமிரபரணிக் கரை ஊர்களில் 'ஹல்லர்' என்று வழங்குவது அதன் வழிவந்ததே.

அமைப்பு எளிது. வரிவரியாக விளிம்பு எழுப்பிய வார்ப்பிரும்பு உருளை, அதற்குக் கீழே அரைவட்டச் சல்லடை, பக்கவாட்டில் ஒரு பிளேடு. ஒரு முனையில் நெல் விழும், மறுமுனையில் அரிசி வரும், உமியும் தவிடும் சல்லடை வழியே இறங்கும். உமியில் சிலிக்கா இருப்பதால் நெல் தொடும் இடமெல்லாம் தேயும். ஆகவே ஹல்லர் வாங்கியவர் உதிரிபாகச் செலவையும் சேர்த்தேதான் வாங்கினார்.

மில்லில் நிற்பவர் தேய்மானத்தைக் கையாலேயே கண்டுபிடிப்பார். தவிட்டை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பார். குறுணை அதிகமாகத் தட்டுப்பட்டால் சல்லடை கிழிந்திருக்கிறது. நெல் உரியாமல் வந்தால் பிளேடைச் சற்று உள்ளே தள்ளிப் பார்ப்பார். அதற்கும் சரிவராவிட்டால் போல்ட்டைத் தளர்த்தி, மழுங்கிய விளிம்பை மறுபுறம் திருப்பி மாட்டுவார்.

உருளை அப்படியல்ல. அதைச் சாதாரண மணல் அச்சில் வார்த்தால் மேற்பரப்பு மிருதுவாக இருந்து சீக்கிரம் தேய்ந்துவிடும். இரும்பு அச்சில் ஊற்றிச் சட்டென்று குளிரவைத்தால்தான் மேல்தோல் கெட்டிப்படும். நூற்பாலைகளும் பம்புசெட்டுகளும் கோயம்புத்தூரை வார்ப்படச் சாலைகளின் ஊராக்கின. இரண்டாம் உலகப் போரில் கப்பல் வரத்து தடைபட்டு இறக்குமதிப் பொருள் அரிதானபோது, உள்நாட்டு வார்ப்படத்தின் அருமை தெரிந்தது.

அடுத்த மாற்றம் மலையிலிருந்து வந்தது. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் ஓடத் தொடங்கியது. மின்சாரம் எட்டிய ஊர்களில் ஆயில் எஞ்சின் இருந்த இடத்துக்கு மோட்டார் வந்தது. ஷாஃப்டையும் பெல்ட்டையும் அப்படியே வைத்துக்கொள்ள முடிந்தது. வேகம்தான் சிக்கல். நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டாரிலிருந்து பாதி வேகம் எடுக்க, மோட்டார் புல்லியைப் போல இருமடங்கு விட்டமுள்ள புல்லி ஷாஃப்டில் வேண்டும். லேத் பட்டறை இருக்கும் ஊரில் அது பெரிய வேலையில்லை.

ஹல்லருக்கு எதிர்ப்பும் இருந்தது. காந்தி 1934-இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் கைக்குத்தல் அரிசிக்காகப் போராடியது. 1958-இல் வந்த அரிசி ஆலை ஒழுங்குமுறைச் சட்டம் புதிய மில்களுக்கு அனுமதியைக் கட்டாயமாக்கியது. ஹல்லர் அரிசியை நொறுக்குகிறது, தவிட்டோடு உமியைக் கலந்து எண்ணெய் எடுக்க உதவாமல் செய்கிறது என்று சொல்லி, 1970-களில் ரப்பர் உருளை இயந்திரத்துக்கு மாறும்படி அரசு வற்புறுத்தியது. குற்றச்சாட்டு உண்மைதான். ஆனால் சிறு மில்லுக்கு அடுத்த உருளை எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கும் அதே அளவு கவனம் கிடைத்திருக்க வேண்டும். ஜோடியில் வேகமாகச் சுற்றும் ரப்பர் உருளை முதலில் தேயும். இரண்டையும் இடம் மாற்றி மாட்டிக் கொஞ்ச நாள் ஓட்டலாம். அதன்பின் புதிதாக வாங்கியே ஆக வேண்டும். ரப்பரைப் பட்டறையில் கடைந்து சரிசெய்ய வழியில்லை.

அதே மில்லில் அரிசியைத் தீட்டும் எமரி கூம்பின் கதை வேறு. எமரித் தூளையும் மேக்னசைட்டையும் மக்னீசியம் குளோரைடு கரைசலில் பிசைந்து, தேய்ந்த கூம்பின் மேல் பூசி இறுகவைத்தால் அது புதிதாகிவிடும். மேக்னசைட் சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் வெட்டியெடுக்கப்படும் கல். மக்னீசியம் குளோரைடோ உப்பளத்தில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் நீரில் இருப்பது. ஜெர்மனி, ஜப்பான் பெயர்ப்பலகை மாட்டிய இயந்திரத்தின் தேயும் பாகத்தைத் தமிழ்நாட்டுச் சரக்கைக்கொண்டே புதுப்பிக்க முடிந்தது.

1937-இல் தொடங்கிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் அம்பை 16 ரகத்தை வெளியிட்டது. குட்டையான, பருத்த அரிசி. நீளச் சன்ன ரகங்கள் ஹல்லரில் ஒடிவதைப்போல இது ஒடியாது; அதிலும் புழுக்கிக் காயவைத்த நெல் இன்னும் தாங்கும். சல்லடையின் துளை அளவையும் பிளேடின் இடைவெளியையும் ரகத்துக்கேற்பப் பார்த்துவைத்தால், வீட்டுச் சாப்பாட்டுக்கு இரண்டு மூட்டை கொண்டுவருபவருக்கு நூறாண்டுக்கு முந்தைய அமைப்பே போதுமானதாக இருந்தது. 1958-ஆம் ஆண்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டது. ஹல்லர் பிளேடும் சல்லடையும் அதன் பிறகும் விற்பனையில் இருக்கின்றன.