நகரும் சுவரும் சுருட்டிய பாயும்

ஹாங்காங்கில் கட்டடக் கலைஞர் கேரி சாங்கின் வீடு 344 சதுர அடி. பெற்றோர், மூன்று தங்கைகள், போதாததற்கு வாடகைக்கு ஓர் ஆள் என்று நெருக்கியடித்து வளர்ந்த வீட்டையே பின்னாளில் வாங்கி, உள்தடுப்புகளை எடுத்துவிட்டார். 2007-இல் அவர் செய்த மாற்றம் உலகப் புகழ் பெற்றது. கூரைத் தண்டவாளத்தில் தொங்கும் அலமாரிச் சுவர்களை இழுத்தால் சமையலறை, படுக்கை, குளியல் தொட்டி என வீடு 24 விதமாக மாறும்.

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் என் அக்காவின் பழைய மாடிவீடும் ஏறத்தாழ அதே அளவுதான். ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடுச்சுவரை எடுத்துவிட ஆசைப்பட்டார். கொத்தனார் நிலைக்கால் ஓரம் டேப் வைத்தார். பூச்சோடு பத்து அங்குலம். மேலே பீம் கிடையாது. மாடியேறி அங்கேயும் பார்த்தார். அதே இடத்தில் அதே சுவர். "இதுல கை வைக்காதீங்கக்கா. மேல்வீடே இதுமேலதான் உக்காந்திருக்கு."

தூணும் பீமும் பாரம் தாங்கும் கட்டடத்தில் உள்சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்பு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரே பாரம் தாங்கும் கட்டடத்தில் அதை எடுத்தால் விரிசல் அடுத்தவர் வீட்டில் விழும். பொறியாளர் பார்க்காமல் நாலரை அங்குலச் சுவரைக்கூடத் தொடக் கூடாது என்பேன்.

யோசித்தால், அந்தச் சுவர் இருப்பதே நல்லது. சாங் வீட்டில் ஓர் அறை விரிந்தால் இன்னொன்று மடங்கும். அக்கா வீட்டில் காலை ஐந்தரைக்குக் குக்கர் விசிலடிக்கும்போது பேரன் படிக்கிறான், மாமா தூங்குகிறார். எல்லா அறையும் ஒரே நேரத்தில் வேண்டும்.

இடத்தை அடைத்தது சுவரல்ல, சாமான். பகலில் கூடம், இரவில் படுக்கையறை என்று பாயை விரித்தும் சுருட்டியும் வாழ்ந்த வழக்கத்துக்குக் கட்டிய ஹால் அது. அங்கே ஒரு திவான், ஒரு கட்டில், இரண்டு இரும்பு பீரோ. சித்திரை வெயிலில் காற்று வரவேண்டிய ஜன்னலைப் பாதி மறைத்து நின்றது ஒரு பீரோ. திவானும் அந்த பீரோவும் கிளம்பின; கட்டில் உள்ளறைக்குப் போனது. துணிமணி பரணுக்கு ஏறியது. ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை.

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வந்த ஒன்பது பேரும் ஹாலிலேயே படுத்தோம். விடிந்ததும் பாய்களைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு, அதே தரையில் இலை போட்டார் அக்கா.