இந்தியாவில் திறந்த மூலமும் திறந்த தரவும் திறந்த உள்ளடக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

அறிவைப் பொதுவில் வைத்தல் என்னும் கருத்து இந்தியாவுக்குக் கணிப்பொறியோடு வந்து சேர்ந்தது என்று கருதும் போக்கு உண்டு. 1980களில் ரிச்சர்டு ஸ்டால்மன் அமெரிக்காவில் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கம், 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், 2001இல் தோன்றிய விக்கிப்பீடியா என வரிசைப்படுத்தி, அவற்றின் இந்தியக் கிளைகளை எண்ணிக் காட்டுவதோடு இவ்வரலாற்றை முடித்துக்கொள்வது வழக்கமாக உள்ளது. அவ்வரிசை பிழையானது அன்று. ஆயினும், இலவசமாகக் கிடைத்தல் வேறு, திறந்திருத்தல் வேறு என்னும் வேறுபாட்டை அளவுகோலாகக் கொண்டால் இந்திய நிகழ்வுகள் வேறொரு தொடர்ச்சியைப் பெறுகின்றன. அத்தொடர்ச்சியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு நூலையோ நிரலையோ தரவுத் தொகுப்பையோ விலையின்றிப் பெற முடிவது, தருபவரின் கொடை. அதனைப் படிக்கவும் படியெடுக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் எழுத்துவழி உரிமம் தரப்பட்டிருப்பின் அதுவே திறந்தது எனப்படும். கொடை, தருபவர் மனம் மாறினால் நின்றுவிடும். உரிமத்தோடு ஒருமுறை வெளிவந்த படியை அவ்வாறு திரும்பப் பெறுதல் அரிது.

கணிப்பொறிக்கு முன்

காந்தியடிகள் 1909இல் குசராத்தியில் எழுதிய ‘இந்து சுவராச்சியம்’ நூலைப் பம்பாய் அரசு 1910இல் தடைசெய்தது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவில் அவர் வெளியிட்ட ஆங்கில வடிவத்தில், உரிமை எதுவும் ஒதுக்கப்படவில்லை என்னும் பொருள்படும் குறிப்பு அச்சிடப்பட்டிருந்தது. எவரும் மறுபதிப்புச் செய்யலாம் என்பது அதன் கருத்து. பிற்காலத்தில் அவர்தம் எழுத்துகளின் உரிமை நவஜீவன் அறக்கட்டளைக்கு உரியதாயிற்று. 2008 இறுதியில் அவ்வுரிமை காலாவதியானபோது அதனை நீட்டிக்க அறக்கட்டளை முயலவில்லை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

பாரதியாரின் நிலை வேறு. அவர் 1921இல் மறைந்தபின் அவர் பாடல்களின் உரிமை பல கைகளுக்குப் பிரிந்து சென்றது. இசைத்தட்டு உரிமை திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த சென்னை மாகாண அரசு உரிமையைத் தன்வசம் கொண்டது. தமிழ் மாணவர் அனைவரும் அறிந்த செய்தி இது. பலரும் கருதாத ஒன்று, அவ்வாண்டிலேயே பாரதி பாடல்கள் எல்லார்க்கும் உரியவை ஆகிவிடவில்லை என்பதாகும். உரிமை அரசின் கையில் சில ஆண்டுகள் இருந்து, 1950களின் நடுவிலேதான் மக்களுக்கு விடப்பட்டது. அரசுடைமை, பொதுவுடைமை என்னும் இரு நிலைகளையும் ‘நாட்டுடைமை’ என்ற ஒரே சொல்லால் நாம் குறித்து வருகிறோம். அவ்விரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியே பின்னர்க் கணிப்பொறிக் காலத்திலும் மீண்டும் மீண்டும் எழும் சிக்கல் எனலாம்.

இரவீந்திரநாத் தாகூரின் எழுத்துகளுக்கு நேர்ந்தது இதற்கு எதிர்த்திசையிலான மாற்றம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைவுக்குப்பின் 50 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். தாகூர் 1941இல் மறைந்தவராதலின் 1991 முடிவில் விசுவபாரதிப் பல்கலைக்கழகத்தின் உரிமை முடிய வேண்டும். அது முடியும் தறுவாயில் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. 1992ஆம் ஆண்டுத் திருத்தத்தால் காலவரை 60 ஆண்டுகளாக உயர்ந்தது. ஒரு கவிஞரை முன்னிட்டு நிகழ்ந்த இந்நீட்டிப்பு நாட்டின் எல்லா ஆசிரியர்க்கும் பொருந்தியது. 1942இல் மறைந்த உ.வே. சாமிநாதையர் தம் வாழ்நாளில் வெளியிட்ட உரைநடை நூல்களை எடுத்துக்கொண்டால், 1993இல் திறந்திருக்க வேண்டியவை 2003க்குத் தள்ளிப்போயின. வங்காளத்தை நோக்கி எடுத்த முடிவு தமிழ்ப் பதிப்புலகில் பத்தாண்டுப் பூட்டாக அமைந்தது.

மென்பொருளும் எழுத்தும்

1990களின் பிற்பகுதியில் மும்பை, பெங்களூர், சென்னை முதலிய நகரங்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் தோன்றின. தொலைபேசிவழி இணையம் மெதுவாகவும் செலவு மிகுந்ததாகவும் இருந்த அந்நாளில் குறுந்தட்டுகள் கைமாறியே இம்மென்பொருள் பரவியது. 2001 சூலை 20ஆம் நாள் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை ஸ்டால்மன் தொடங்கிவைத்தார். கேரள அரசின் பள்ளிக் கணினித் திட்டம் அதே காலத்தில் உருவாகி, 2000களின் பிற்பகுதிக்குள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. ஒரு மாநிலத்தின் பள்ளிக் கல்வி முழுவதும் இவ்வாறு மாறியது இந்தியாவில் முன்னோடியான நிகழ்வாகும்.

கேரளத்தில் இது வேரூன்றியதற்கு அரசியல் காரணம் மட்டும் கூறுவது போதாது. 1971ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் தட்டச்சுப் பொறியின் வரம்புக்கேற்ப மலையாளக் கூட்டெழுத்துகளைப் பிரித்துக் குறைத்தது. கணிப்பொறிக்கு அவ்வரம்பு இல்லை. ஆகவே பழைய எழுத்துவடிவைத் திரும்பப் பெறும் நோக்கத்துடன் 1999இல் ‘ரசனா’ இயக்கம் தோன்றியது. 2002இல் தொடங்கிய ‘சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ குழு, எழுத்துருக்களைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டுத் தொடர்ந்து திருத்தி வந்தது. எழுத்துருவின் உட்கூறுகளைத் திறந்து பார்க்கவும் மாற்றவும் உரிமை இல்லையெனில் இப்பணி நிகழ்ந்திராது. ஓர் எழுத்து எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதை அம்மொழியினர் தாமே முடிவுசெய்ய மூலநிரல் திறந்திருக்க வேண்டியதாயிற்று. இக்குழுவின் ‘மீரா இனிமை’ என்னும் தமிழ் எழுத்துருவும் அதே முறையில் கிடைக்கிறது.

தமிழில் சிக்கல் கூட்டெழுத்தில் இல்லை, குறியேற்றத்தில் இருந்தது. 1991இல் இந்தியத் தர நிறுவனம் ஏற்ற இஸ்கி, அதனை அடியொற்றி அமைந்த ஒருங்குறி, ஆர்வலர் வகுத்த திஸ்கி, 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் ஆகியவற்றோடு, எழுத்துரு விற்போர் ஒவ்வொருவரும் தத்தம் குறியேற்றத்தைப் புழங்கினர். ஒருவர் தட்டச்சிட்டதை மற்றவர் படிக்க அதே எழுத்துருவை நிறுவ வேண்டிய நிலை. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010இலேதான். இதற்கிடையே 2005 ஏப்ரலில் நடுவண் அரசு வெளியிட்ட தமிழ் மென்பொருள் குறுந்தட்டில் ‘பாரதீய ஓப்பன் ஆபீஸ்’ இடம்பெற்றது. பிறர் எழுதிய மூலநிரலை எடுத்துத் தமிழாக்கி வழங்க அரசுக்கு இயன்றது, அந்நிரலின் உரிமம் அதற்கு இடம் தந்ததனாலேயே ஆகும்.

சட்டத் துறையில் அதே ஆண்டில் நிகழ்ந்த ஒன்று போதிய கவனம் பெறவில்லை. 2004 டிசம்பரில் வந்த அவசரச் சட்டம் சிலவகை மென்பொருள்களுக்குக் காப்புரிமை தர வழிசெய்தது. 2005இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டத்தில் அப்பகுதி நீக்கப்பட்டது. இயங்குதளம் ஒன்றை, ‘பாஸ்’ என்னும் பெயரில் 2007இல் அரசு நிறுவனமே வெளியிட்டது பெரிதும் பேசப்பட்டது. நிரலர்க்கு நீடித்த பயன் தந்தது முன்னதே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மின்னாளுகைக்கான திறந்த தரநிலைக் கொள்கை 2010இலும், அரசு அலுவலகங்கள் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்னும் கொள்கை 2015இலும் வந்தன.

படியெடுக்கும் உரிமை

திறந்த தரவின் இந்திய வரலாற்றை 2012ஆம் ஆண்டுத் தேசியத் தரவுப் பகிர்வு, அணுகல் கொள்கையிலிருந்து தொடங்குவோர் உண்டு. அதனினும் முன்னே செல்லுதல் தகும். 1994 முதல் இராசத்தானில் ‘மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்’ என்னும் அமைப்பு ஊர்தோறும் பொது விசாரணைகளை நடத்தியது. பொதுப்பணிகளின் வருகைப் பதிவேடும் செலவுச் சீட்டும் ஊரார் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட்டன. வேலை செய்யாதவர் பெயர்களும், கட்டப்படாத கட்டடங்களுக்கான செலவும் அவ்வாறே வெளிப்பட்டன. எழுத்தறியாதவரும் தரவை ஆராய முடியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்பதரிது.

1995இல் அம்மாநில முதலமைச்சர், உள்ளாட்சிப் பணி ஆவணங்களை மக்கள் பெறலாம் என்று சட்டமன்றத்தில் உறுதியளித்தார். உறுதி செயலாகாதபோது 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் மக்கள் அமர்ந்து போராடினர். அந்நிலையில் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது: ஆவணங்களைப் பார்வையிடலாம், ஒளிப்படி எடுத்தல் கூடாது. மக்கள் அதனை ஏற்காமல் நாற்பது நாள் தொடர்ந்தனர். பார்த்தல் வேறு, படியெடுத்தல் வேறு என்பதைத் திறந்த உரிமங்களைப் பற்றிக் கேள்வியுற்றிராத சிற்றூர்த் தொழிலாளர் தெளிவாக அறிந்திருந்தனர். 1997இல் படி பெறும் உரிமையும் கிட்டியது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, கேட்காமலே தகவலை வெளியிடும் கடமையை அரசு அமைப்புகளுக்கு விதித்தது.

பின்வந்த அரசுத் தரவுத் தளம் 2012இல் தொடங்கியது. ஆயின் அதிலுள்ள தரவை எவ்வெவ்வாறு பயன்படுத்தலாம் என்னும் திறந்த தரவு உரிமம் 2017இலேதான் அறிவிக்கப்பட்டது. தளத்துக்கும் உரிமத்துக்கும் இடையே ஐந்தாண்டுகள். நில வரைபடத் தரவுகளுக்கான கட்டுப்பாடுகள் 2021 பிப்ரவரியில் தளர்த்தப்பட்டன.

நூல்களும் களஞ்சியங்களும்

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் மின்பதிப்பாக்கியது. கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து அதனை ஒருங்கிணைத்தார். 2002இல் மலையாளம், ஒடியா, அசாமியம் முதலிய மொழிகளிலும், 2003இல் தமிழ், இந்தி, கன்னடம், தெலுங்கு ஆகியவற்றிலும் விக்கிப்பீடியாக்கள் தோன்றின.

அரசு சார்ந்த பெருமுயற்சி இந்திய மின்னூலகம் ஆகும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ராஜ் ரெட்டி முன்னெடுத்த பத்து இலட்சம் நூல் திட்டத்தின் பகுதியாகப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் இதனை நடத்தியது. 2003 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தளத்தைத் தொடங்கிவைத்தார். தமிழ் நூல்களின் பெயர்கள் உரோமன் எழுத்தில் பிழைபடப் பதிவாகியிருந்தன; பக்கங்கள் விடுபட்டவையும் உண்டு. எனினும் அரிய நூல்கள் பல முதன்முறையாக ஊர்ப்புற ஆய்வாளர்க்கும் எட்டின. பதிப்புரிமை நீங்கியவையும் நீங்காதவையும் அதில் கலந்திருந்தன. 2010களின் பிற்பகுதியில் தளம் மூடப்பட்டது. உரிமை நீங்காத நூல்களோடு நீங்கிய நூல்களும் மறைந்தன. எஞ்சியவை, அமெரிக்கரான கார்ல் மலமூத் முன்னரே படியெடுத்து இணைய ஆவணகத்தில் ஏற்றிய நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களே. பொதுப்பணத்தில் உருவான ஒரு நூலகம், பிறர் எடுத்த படியால் உயிர்பிழைத்தது.

இதற்கு மாறான சான்றுகள் இரண்டு, இரண்டுமே பல்கலைக்கழகங்களைச் சார்ந்தவை. கோவாப் பல்கலைக்கழகம் தன் நான்கு தொகுதிக் கொங்கணிக் கலைக்களஞ்சியத்தை 2013இல் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வெளியிட்டது. 2015இல் தனித்தளமாக வெளிவந்த கொங்கணி விக்கிப்பீடியாவுக்கு அது உரமாயிற்று. மைசூர்ப் பல்கலைக்கழகம் தன் பதினான்கு தொகுதிக் கன்னடக் களஞ்சியத்தை 2014இல் அவ்வாறே திறந்தது. அறிஞர் பல்லாண்டு உழைத்த தொகுதிகள் அலமாரியிலிருந்து வெளியேறப் புதுச்செலவு மிகுதியாகத் தேவைப்படவில்லை; உரிமத்தில் ஒப்பமிட ஒரு முடிவே தேவைப்பட்டது.

ஆய்விதழ்களின் நிலை வேறு திசையில் சென்றுள்ளது. 2024 நவம்பரில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், மூன்றாண்டுகளுக்கு ஏறத்தாழ 6,000 கோடி ரூபாயில் 30 பதிப்பகங்களின் 13,000 அளவிலான இதழ்களை அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு வழங்குகிறது. மாணவர்க்கு இது பெரும் நன்மை. ஆனால் இது வாடகைக்கு எடுத்த வாசிப்பு. பணம் நின்றால் கதவு மூடும். இந்திய அறிவியல் அகாதெமி தன் இதழ்களைத் திறந்து வைத்துள்ள முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எண்ணத்தக்கது.

தமிழ்த் துறைகளை நேரே தொடுவது ஆய்வேடுகளின் நிலையாகும். 2009ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக்குழு நெறிமுறை மின்வடிவில் ஆய்வேடு தருவதைக் கட்டாயமாக்கியது. ‘சோத்கங்கா’ தளத்தில் தமிழ் முனைவர் பட்ட ஆய்வேடுகளை இன்று எவரும் இறக்கிக் கொள்ளலாம். அவற்றுள் பல பழைய தனியார் குறியேற்ற எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்டவை. வேறு சில வெறும் படிமங்கள். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஏஐ4பாரத் குழு 2023இல் வெளியிட்ட, அட்டவணை மொழிகள் 22க்குமான திறந்த மொழிபெயர்ப்புப் பொறி போன்றவை ஒருங்குறியில் உள்ள உரையைக் கொண்டே உருவாகின்றன. அத்தகைய ஓர் ஆய்வேட்டில் ‘தொல்காப்பியம்’ என்று தேடினால் ஒன்றும் கிட்டுவதில்லை. திரையில் அச்சொல் கண்ணுக்கு நேரே இருக்கிறது. வழங்குபவர் ஒருங்குறி உரைக்கோப்பையும் உரிமக் குறிப்பையும் சேர்த்துத் தர வேண்டும் என விதிக்க, துறைக்குழுவின் ஒரு தீர்மானம் போதும்.