அச்சாரக் காசு சொன்ன சாட்சி

ஜார்ஜ்டவுனில் தமிழர்கள் கடைத்தெரு என்று அழைக்கும் மார்க்கெட் ஸ்திரீட்டும் சூலியா தெருவும் பினாங்கின் பழைய வாணிபத் தெருக்கள். அரிசி இங்கே பிக்குல் கணக்கில் கைமாறியது. ஒரு பிக்குல் 100 காத்தி. சுமார் 60 கிலோ. மூட்டையைக் குத்தி எடுத்த ஒரு பிடி அரிசியைப் பார்த்து, விலை பேசித் தலையாட்டினால் வியாபாரம் முடிந்தது.

விலை நிலையாக இருக்கும்வரை வாய்ச்சொல் போதும். ரங்கூன் கப்பல் வந்து சேர்வதற்குள் விலை மாறிவிட்டால்? 1919-இல் பர்மா அரிசி ஏற்றுமதிக்கு இந்திய அரசு கட்டுப்பாடு விதித்தபோது மலாயாவில் அரிசி விலை தாறுமாறாக ஏறியது. பழைய விலைக்குத் தருவதாகச் சொன்னவர், "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று கைவிரிக்க அதைவிட நல்ல சமயம் ஏது?

நீதிமன்றம் போனால் தலையாட்டல் செல்லாது. நீரிணைக் குடியேற்றங்களின் வணிக வழக்குகளுக்கு இங்கிலாந்துச் சட்டமே பொருந்தும் என்று 1878-இல் விதிக்கப்பட்டிருந்தது. அந்நாட்டின் 1893-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம், 10 பவுனுக்குக் குறையாத சரக்கென்றால் மூன்றில் ஒன்றைக் கேட்டது. கையொப்பமிட்ட சீட்டு வேண்டும். இல்லையேல் வாங்குபவர் சரக்கில் ஒரு பகுதியையாவது பெற்று ஏற்றிருக்க வேண்டும். அதுவும் இல்லையேல் அச்சாரமோ முன்பணமோ கொடுத்திருக்க வேண்டும். 1906-இல் நாணய மாற்று நிலைநிறுத்தப்பட்டபின் 10 பவுன் என்பது 86 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. மொத்த வியாபாரிக்கு அது பெரிய தொகையல்ல.

இந்த விதியின் மூலம் 1677-இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டம். எழுதப் படிக்கத் தெரியாத வியாபாரிக்கும் அதில் ஒரு வழி இருந்தது என்பதுதான் வியப்பு. நம் சந்தைகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய அச்சாரக் காசு, சட்டத்தின் கண்ணிலும் சாட்சியானது.

கணக்குப் புத்தகத்துக்கு அந்த மதிப்பு இல்லை. பினாங்கு ஸ்திரீட் கிட்டங்கிகளில் செட்டியார்கள் பேரேட்டை எவ்வளவு ஒழுங்காக எழுதியிருந்தாலும், அதை மட்டும் காட்டி ஒருவரைக் கடனாளியாக்க முடியாது. பேரேடு துணைச் சாட்சிதான். எழுதியவரே தமக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளலாம் அல்லவா?

விலையே பேசாமல் மூட்டையை இறக்கியிருந்தால்? இருவருக்கும் இடையே முன்பு நடந்துவந்த வழக்கத்தைப் பார்ப்பார்கள். அதிலும் தெளிவில்லையென்றால் வாங்கியவர் நியாயமான விலை தரவேண்டும். அது எவ்வளவு என்பதற்குச் சட்டத்தில் எண் கிடையாது. அந்தந்த வழக்கின் சூழ்நிலையைப் பொறுத்தது. அன்றைய சந்தை நிலவரம் தெரிந்த வியாபாரிகளின் வாக்குமூலம் இங்கேதான் எடைபெறும்.

10 பவுன் நிபந்தனையை இங்கிலாந்து 1954-இல் கைவிட்டது. வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தை ஏற்கும் மலேசியாவின் 1957-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம், 1990-இல்தான் பினாங்குக்கும் மலாக்காவுக்கும் விரிவாக்கப்பட்டது. பேரேடு மட்டும் போதாது என்ற விதியோ 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 34-ஆவது பிரிவில் இன்றும் அப்படியே இருக்கிறது.