ஊடுருவும் பூசணக்கொல்லிகள்

ஊடுருவும் பூசணக்கொல்லி என்பது பயிரின் திசுவுக்குள் புகுந்து, உள்ளிருந்தே பூசண நோயைத் தடுக்கும் மருந்து. போர்டோ கலவை, மாங்கோசெப் போன்ற தொடு மருந்துகள் இலைப்பரப்பிலேயே தங்குவதால் மழையில் கழுவப்படும். ஊடுருவும் மருந்தைப் பயிர் உறிஞ்சிக்கொண்டபின் மழை அதை அவ்வளவாகப் பாதிக்காது. சம்பா நெல் வடகிழக்குப் பருவமழையில் நனையும் செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிப்பாசன வயல்களுக்கு இது முக்கியம்.

வரலாறு: இவ்வகையில் முன்னோடியான கார்பாக்சின் 1966இல் அறிமுகமானது. 1968இல் பெனோமில் வந்தது. கார்பென்டசிமும் டிரைசைக்ளசோலும் 1970களில் புழக்கத்துக்கு வந்தன. அசாக்சிஸ்ட்ரோபின் 1996இல் விற்பனைக்கு வந்தது.

செயற்பாடு: பெரும்பாலான மருந்துகள் நீர் ஏறும் குழாய்கள் வழியே மேல்நோக்கி மட்டுமே செல்லும். இலையில் தெளித்தது அவ்விலையின் நுனிக்கு நகரும். வேருக்கு இறங்காது, பிறகு துளிர்க்கும் இலைக்கும் போய்ச் சேராது. விதையில் கலந்தால் இளநாற்று முழுவதும் காப்புப் பெறும். போசெடைல் அலுமினியம் இரு திசையிலும் செல்லும் அரிய விதிவிலக்கு.

நெல் குலை நோய்: 1919இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் இந்நோய் பெருமளவில் பரவியது. இலையில் இருமுனையும் கூர்ந்த கண் வடிவப் புள்ளிகள் தோன்றும். நடுப்பகுதி சாம்பல் நிறமாகவும் ஓரம் பழுப்பாகவும் இருக்கும். கதிரின் கழுத்தைத் தாக்கினால் மணிகள் பதராகும். இரவுக் குளிரும் பனியும் மிகுதியான தழைச்சத்தும் நோயைத் தூண்டும். கிலோ விதைக்கு 2 கிராம் கார்பென்டசிம் கலந்து விதைநேர்த்தி செய்வதையும், ஹெக்டேருக்கு 500 கிராம் டிரைசைக்ளசோல் 75 சதத் தூளைத் தெளிப்பதையும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்துள்ளது. இலைத்தோலைத் துளைக்கப் பூசணத்துக்கு மெலனின் நிறமி தேவை. டிரைசைக்ளசோல் அந்நிறமி உருவாவதைத் தடுக்கிறது. எனவே பூசணம் உள்ளே புகுந்தபின் தெளித்தால் பலன் குறைவு.

எதிர்ப்புத்திறனும் எச்சமும்: கார்பென்டசிம் பூசணத்தின் ஒரே புரதத்தைக் குறிவைப்பதால், அப்புரதத்தில் ஏற்படும் ஒரு மரபணு மாற்றமே மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும். வெவ்வேறு வகை மருந்துகளை மாற்றி மாற்றி அடிப்பதே இதற்குத் தீர்வு. பயிருக்குள் புகும் மருந்து தானியத்திலும் எஞ்சலாம். அரிசியில் டிரைசைக்ளசோல் எச்சத்துக்கான வரம்பை ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாகக் குறைத்தது. இந்திய பாசுமதி ஏற்றுமதி அதனால் நெருக்கடிக்குள்ளானது. தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாட்களை மருந்தின் சீட்டு குறிப்பிடும்.

நீர்நிலைகள்: கார்பென்டசிம் நீர்வாழ் உயிரினங்களுக்குக் கொடிய நஞ்சு. செங்கல்பட்டு மாவட்டத்தில் பாசனத்துக்கு உதவிய மாடம்பாக்கம் ஏரி இப்போது வீடுகள் சூழ்ந்த குடிநீர் ஆதாரமாக விளங்குகிறது; அவ்வூர் 2021இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. இத்தகைய ஏரிகளின் கரையை ஒட்டிப் பயிரிடுவோர் தெளிப்பானைக் கழுவிய நீரை வரத்துக்கால்வாயில் விடக் கூடாது.