கர்ணம் கணக்கும் கம்ப்யூட்டர் கணக்கும்

மலர்க் குழு நண்பர்கள், "நீதான் ஹிஸ்டரி படிச்சவனாச்சே, சரித்திரமாவே ஒண்ணு எழுதிக் கொடு" என்றார்கள். வரலாறு படித்து, வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றவன் நான். ராஜாக்களின் கதையைவிட நிலக்கணக்கின் கதையே எனக்கு நெருக்கம்.

1820 முதல் 1827 வரை சென்னை மாகாணக் கவர்னராக இருந்தவர் சர் தாமஸ் மன்றோ. அவர் நிலைநிறுத்திய ரயத்துவாரி முறையில், இடையில் ஜமீன்தார் இல்லாமல் உழவரே நேராகச் சர்க்காருக்கு வரி கட்டினார். ஆகவே வயலுக்கு வயல் கணக்கு வேண்டியிருந்தது. எழுதியவர் ஊர்க் கர்ணம். சிட்டா, அடங்கல் எல்லாம் பெரும்பாலும் அவர் வீட்டுப் பெட்டியில்தான். பதவியோ பரம்பரை. ஒரு வரியை அடித்து எழுதினால் யார், எப்போது, ஏன் எழுதினார் என்று ஊராருக்குத் தெரியாது. வருஷத்துக்கு ஒருமுறை ஜமாபந்தியில் மேலதிகாரி வந்து கணக்கைப் பார்ப்பார். அதுதான் அன்றைய தணிக்கை.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு இந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-ல் அரசின் முடிவு செல்லும் என்று தீர்ப்பானது. கர்ணம் போய் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஆனால் கணக்கு காகிதத்திலேயே இருந்தது.

பெரிய மாற்றத்தைக் காண நாம் பக்கத்து மாநிலத்துக்குப் போக வேண்டும். கர்நாடகத்தில் சுமார் 9,000 கிராமக் கணக்கர்கள் கையால் எழுதி வந்த ஏறத்தாழ 2 கோடி நிலப் பதிவுகளை, 'பூமி' திட்டம் 2001, 2002 வாக்கில் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தது. 67 லட்சம் விவசாயிகளின் கணக்கு அது! தாலுகா அலுவலகத்தில் 15 ரூபாய் கட்டினால் நகல் கிடைத்தது.

என்னைக் கவர்ந்தது வேகம் இல்லை. பதிவைத் திருத்தும் அலுவலர் விரல் ரேகை வைத்துத்தான் உள்ளே போக முடியும். "நான் செய்யலே சார், யாரோ என் பாஸ்வேர்டைப் போட்டுட்டாங்க" என்கிற சாக்குக்கு அங்கே இடமில்லை. முதலில் வந்த மனுவைத் தள்ளிவைத்துவிட்டு வேண்டியவர் மனுவை முன்னால் எடுக்கவும் முடியாது. வரிசையை மெஷினே காத்தது. கவுண்டரில் இன்னொரு திரை விவசாயியின் பக்கம் திரும்பியிருந்தது. அலுவலர் என்ன அடிக்கிறார் என்று அவரும் பார்க்கலாம்.

குறையே இல்லையா? இருந்தது. கம்ப்யூட்டர் பதிவு வந்ததும் கையெழுத்துப் பதிவு செல்லாது என்றானது. பழைய தவறு உள்ளே போயிருந்தால் அதுவும் அச்சில் கம்பீரமாக வந்து நின்றது. முன்பு ஊரிலேயே பேசித் தீர்த்ததற்கு இப்போது தாலுகாவுக்கு நடக்க வேண்டியதாயிற்று. நிலம் வாங்க வரும் பெரிய கைகளுக்குத்தான் இது அதிகம் உதவியது என்று எழுதிய ஆய்வாளர்களும் உண்டு.

நம் மாநிலத்திலும் இன்று பட்டா, சிட்டா, அ பதிவேடு ஆகியவற்றை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். பத்திரப் பதிவுத் துறையின் கம்ப்யூட்டரும் வருவாய்த் துறையின் 'தமிழ்நிலம்' மென்பொருளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுள்ளன. நல்லதுதான். ஆனால் இணைப்பு கூடக்கூட, ஓரிடத்துத் தவறு மற்ற இடங்களுக்கும் ஓடும். அதனால் யார் கை பட்டது என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும். தவறைத் திருத்தச் சாமானியனுக்கு ஒரு வழியும், அவன் பேசுவதைக் கேட்க ஒரு ஆளும் வேண்டும்.

இங்கே கம்ப்யூட்டர் படிக்கும் தம்பி தங்கைகளே! நாளை இப்படியொரு மென்பொருளை எழுதப்போவது நீங்களாக இருக்கலாம். வி.ஏ.ஓ. பரீட்சை எழுதி அந்த நாற்காலியில் உட்காரப்போவதும் நீங்களாக இருக்கலாம். கர்ணத்தின் பெட்டிச் சாவி ஒருவர் இடுப்பில் இருந்தது. புதுப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் திறந்ததை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தாத்தாவின் பட்டாவை ஒருமுறை இணையத்தில் எடுத்து, பெயரும் சர்வே நம்பரும் சரியா என்று பாருங்கள். சரித்திரப் பாடம் அங்கிருந்தே தொடங்கும்.